ஹரிக்கேனில் வீடு போனால் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் வந்தபோது எங்கள் வீடு டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மேற்கே, பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டடித் தண்ணீர், அவசரமே இல்லாமல், விருந்தாளி மாதிரி வாசல் வழியாக வந்தது. ஒன்பது மாதம் வெளியே குடியிருந்தோம். அதற்கப்புறம் எந்தப் புயல் அடித்தாலும் தெரிந்தவர்கள் யாராவது ஈரக் காகிதங்களோடு என் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 2024இல் பெரில் புயல் வந்தபோதும் அப்படித்தான். அவர்களுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

சுத்தம் செய்வதற்கு முன்னால் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரியும். அதன் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி எடுங்கள். ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின் இவற்றின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் எடுங்கள். நான் சோபாவைப் பத்துப் படம் எடுத்தேன், மெஷினை ஒன்றுகூட எடுக்கவில்லை. தெருவோரக் குப்பை மேட்டில் ஏறி அதைத் தேடியது தனிக்கதை.

அடுத்து இன்ஷூரன்ஸ். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. தனியாக வெள்ள இன்ஷூரன்ஸ் இருந்தால் அன்றைக்கே கிளெய்ம் போடுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்கள் தரும் முடிவுக் கடிதம் உங்களுக்கு வேண்டும். பின்னால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

பிறகு ஃபீமா, அதாவது மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு. உங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தனிநபர் உதவி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பொதுவாக 60 நாள்தான் கெடு. ஒன்பது இலக்கப் பதிவு எண் ஒன்று கொடுப்பார்கள். அதையும், அந்தப் பேரிடருக்கான எண்ணையும் (ஹார்விக்கு 4332) நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் எழுதுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு விண்ணப்பம்தான். கணவர் ஒன்று, மனைவி ஒன்று என்று போட்டால் இரண்டும் சிக்கிக்கொள்ளும்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் விசா. ஃபீமாவின் பண உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், தஞ்சம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கும்தான். எச்-1பி வேலை விசாவுக்கும் மாணவர் விசாவுக்கும் கிடையாது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரில், அதன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுத்துப் பெற்றோர் விண்ணப்பித்ததைப் பார்த்திருக்கிறேன். இது தெரியாமல் கெடுவைத் தாண்டவிட்டு வந்தவர்களும் உண்டு. நிவாரண முகாம், சாப்பாடு, இலவசச் சட்ட ஆலோசனை இவற்றுக்கு விசா குறுக்கே வராது, தயங்காமல் போங்கள்.

தங்குவதற்கு இரண்டு வழி. ஃபீமா அனுமதித்தால் ஓட்டல் அறை வாடகையை அவர்களே நேராக ஓட்டலுக்குக் கட்டுவார்கள். சாப்பாட்டுச் செலவு உங்களுடையது. இன்னொன்று வாடகை உதவி. அந்தப் பணத்தை வாடகைக்கு மட்டும் செலவழியுங்கள். வாடகை ரசீதையும் லீஸ் பத்திரத்தையும் காட்டினால்தான் மேலும் சில மாதங்களுக்கு நீட்டிக்கக் கேட்கலாம். ஏற்கெனவே வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்று: டெக்சாஸ் சட்டப்படி வீடு குடியிருக்கவே முடியாத நிலையில் இருந்தால், பழுது பார்த்து முடிப்பதற்கு முன் எழுத்து மூலம் தெரிவித்து லீஸை முடித்துக்கொள்ளலாம். வாயால் சொன்னது செல்லாது.

‘அனுமதிக்கப்படவில்லை’ என்று கடிதம் வந்தால் உட்கார்ந்து அழாதீர்கள், முழுசாகப் படியுங்கள். நான் பார்த்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்றுதான் இருந்தது. அப்பீல் செய்ய 60 நாள் உண்டு.

இனி சிட்டி, கவுண்டிப் பணம். இதை வைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புயல் அடித்த மறுவாரமே சிட்டி ஹாலில் போய் நின்றால் வீடு கட்ட யாரும் காசோலை தர மாட்டார்கள். பெரிய தொகை மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் வழியாக, நாடாளுமன்றம் ஒதுக்கிய பிறகுதான் வரும். ஹார்விக்காக டெக்சாஸுக்கு 500 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஹூஸ்டன் நகரத்துக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கும் தலா 100 கோடிக்கு மேல் பிரித்தார்கள். ஆனால் அது வீடுகளைப் போய்ச் சேர வருடங்கள் ஆயின. ஆகவே அதை நம்பி இன்றைய வாடகையைத் தள்ளிப்போடாதீர்கள். கவுண்டி சேத விவரம் கேட்டுக் கணக்கெடுத்தால் மட்டும் தவறாமல் பதில் கொடுங்கள். அவசர வாடகைக்கு, உள்ளூர் உதவிகளைச் சொல்லும் தொலைபேசி எண்ணான 211ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இந்தப் பணத்தில் பெரும்பங்கு குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு. அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பதன் வருமானத்தில்) 80 சதவீதம் என்பதுதான் கோடு. இரண்டு பேரும் ஐடியில் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. உணவகத்திலும் பெட்ரோல் பங்கிலும் வேலை செய்யும் நம்மவர்கள் கட்டாயம் தட்ட வேண்டிய கதவு இது.

அங்கே கழுத்தைப் பிடிக்கும் விதி ஒன்றுண்டு: ஒரே சேதத்துக்கு இரண்டு முறை பணம் கிடையாது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வீட்டைச் சரிசெய்ய மொத்தம் 1,10,000 டாலர். இன்ஷூரன்ஸ் 60,000, ஃபீமா 8,000, ஒரு தொண்டு அமைப்பு 5,000 தந்தது. ஆக 73,000 வந்தாயிற்று, அத்தனையும் வேலைக்கே போயிற்று, பாக்கி 37,000. இந்த 37,000தான் நீங்கள் கேட்கக்கூடியது. ஆனால் செலவழித்த 73,000இல் 20,000க்கு ரசீது இல்லை என்று வையுங்கள். அந்த வேலை நடந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வாங்கிய பணம் மட்டும் கணக்கில் நிற்கும். 37,000 அப்படியே 17,000 ஆகிவிடலாம். ஜிப்சம் பலகை வாங்கிய துண்டுச் சீட்டு வரைக்கும் எடுத்து வையுங்கள் என்று நான் கத்துவது இதனால்தான். வெயிலில் அந்த மை மங்கிவிடும், வாங்கின அன்றைக்கே போனில் படமும் எடுங்கள். வேலைக்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்தோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். முழுப்பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுவரை மூடுவதற்கு முன், கட்டட அனுமதி தரும் பெர்மிட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வெள்ள அபாயப் பகுதியில் சேதம் வீட்டு மதிப்பில் பாதியைத் தாண்டினால், வீட்டையே உயர்த்திக் கட்டச் சொல்லலாம். புது பெயின்ட் அடித்த பிறகு அது தெரியவந்த ஒருவர் என் மேசையில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போய், இரண்டாம் தடவை சூடு செய்துகொடுத்தேன். அப்புறம்தான் பையைத் திறந்து காகிதங்களை எடுத்தார்.