"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்: ஓ.ஆர்.எஸ். சொல்லிக்கொடுக்கும் முறை

சிவகங்கைப் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக 31 வருஷம் வேலை பார்த்தேன். இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும் அங்கன்வாடி டீச்சர்களும் என்னைப் பார்த்தால் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, எவ்வளவு சொன்னாலும் ஜனங்க கேட்க மாட்டேங்கிறாங்க. என்ன செய்ய?" பேதி வந்த குழந்தைக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடிதான் ஓ.ஆர்.எஸ். அந்தப் பாக்கெட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து தாய்மார்களை உட்காரவைத்து, படம் போட்ட அட்டையைக் காட்டி 20 நிமிஷம் பேசினேன். "புரிஞ்சுதா?" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் அதில் ஒரு பெண் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உதடு வெடித்து, குழந்தை தாகத்தில் சிணுங்கிக்கொண்டே இருந்தது. முழு பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டது. அவள் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு லிட்டர்னு சொன்னீங்க நர்சம்மா. எங்க வீட்ல லிட்டர் ஏது?"

தப்பு அவளுடையது அல்ல. நான் பேசினேன், அவள் கேட்டாள், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் பாக்கெட்டை வெளியே எடுக்காதீர்கள். முதலில் கேளுங்கள். பேதி எதனால் வந்தது என்று நினைக்கிறார்கள்? "பல்லு முளைக்குது", "உரம் விழுந்திருக்கு", "தண்ணி குடுத்தா இன்னும் போகும்". இப்படி வரும் எந்தப் பதிலையும் அங்கேயே வெட்டிப் பேசாதீர்கள். அந்த அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். உச்சிக்குழி அமுங்கினால் ஆபத்து என்று நம்ம ஊரில் எந்தக் கிழவிக்கும் தெரியும். கைக்குழந்தையாக இருந்தால் அம்மாவின் விரலைப் பிடித்து உச்சிக்குழியில் வையுங்கள். "இது ஏன் உள்ள போச்சு? உடம்புல தண்ணி வத்திருச்சு. போன தண்ணிய திரும்ப ஊத்தணும்ல?" அவ்வளவுதான். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் அசையும்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்படியும் பலர் வரவில்லை. ஏன் என்று காட்ஃப்ரி ஹாக்பாம் என்ற சமூக உளவியலாளர் மக்களையே போய்க் கேட்டார். எனக்கும் இந்த நோய் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் எனக்கு நல்லது என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம்தான். நர்சிங் பாடத்தில் "உடல்நல நம்பிக்கை மாதிரி" என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இங்கிருந்து கிளம்பியதுதான். தகவல் தெரிந்தால் மட்டும் போதாது, அது தன் பிள்ளைக்கானது என்று அந்த அம்மாவுக்குப் படவேண்டும்.

அடுத்தது பாத்திரம். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பையில் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் தினமும் புழங்கும் சொம்பையோ பாத்திரத்தையோ எடுத்துவரச் சொல்லி, பாட்டில் தண்ணீரை அவரையே ஊற்றச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் எவர்சில்வர் சொம்பில் ஊற்றிப் பார்த்தபோது தண்ணீர் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. "இது லிட்டருக்கு மேலயே பிடிக்குது நர்சம்மா" என்று அந்தப் பெண்ணே சொன்னாள். சொம்பின் உள்பக்கம், தண்ணீர் நின்ற மட்டத்தில், ஆணியால் ஒரு கீறல் போட்டாள். அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பேதி வந்தபோது அந்தச் சொம்பைத்தான் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அப்புறம் கரைப்பது. நீங்கள் கரைத்துக் காட்டக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கை கழுவுவதிலிருந்து எல்லாம் அவர் கையால் நடக்கட்டும். 20.5 கிராம் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டரில். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது. எது வீட்டில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் நல்லது. கரைத்த பிறகு கொதிக்கவைக்கக் கூடாது, சர்க்கரையும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிடவேண்டும். பாக்கெட்டே இல்லாத ராத்திரிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொடுக்கும் முன்னால் அவரையே ருசி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுத் திரும்பக் கரைக்கணும்.

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200. ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக (ஜிங்க்) மாத்திரை 14 நாள். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தாமல் 14 நாளும் கொடுக்கச் சொல்லிவையுங்கள். மலத்தில் ரத்தம், குடிக்க முடியாத அளவுக்குச் சோர்வு, எது கொடுத்தாலும் வாந்தி, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும்.

"ட்ரிப்ஸ் ஏத்தினாத்தான் தெம்பு வரும்" என்பார்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுவதற்கான சலைன் (உப்பு நீர்) தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை அகதிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டவைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கேயும் முதலில் ஜனங்கள் நம்பவில்லை. இதுவும் சலைன்தான், ஊசியில் ஏற்றுவதற்குப் பதில் வாயால் குடிப்பது என்று சொல்லிப் புரியவைத்தார்கள். நானும் அதே வார்த்தையைத்தான் சொல்வேன்: "இது வாயால குடிக்கிற ட்ரிப்ஸ்மா."

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் செய்ததை இந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டும். 1980-லிருந்து 1990 வரை, பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணீர். தாய் தன் கையால் கரைத்துக் காட்டவேண்டும். பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு எத்தனை விஷயம் ஞாபகம் இருக்கிறது, கரைசல் சரியாக வருகிறதா என்று சோதிப்பார். சொல்லிக்கொடுத்தவரின் சம்பளமே அதைப் பொறுத்துதான். இவ்வளவு செய்தும், தெரிந்த தாய்மார்கள் பலர் பேதி வந்தபோது அதைக் கொடுக்கவில்லை. காரணம் தேடியபோது, சொல்லிக்கொடுத்த பணியாளர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதைக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். ஆண்களிடமும் தனியாகப் பேசினார்கள். அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்குப் பேதி வந்தால் நீங்களும் இதையே குடியுங்கள். வீட்டில் மாமியாரோ கணவரோ இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

இந்தப் பேச்செல்லாம் மருந்து கொடுத்தது போக மிச்ச நேரத்தில் செய்யும் வேலை என்று நினைக்கும் அதிகாரிகளும் உண்டு. 1978-இல் கஜகஸ்தானின் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று பட்டியல் போட்டன. அதில் முதலில் வருவது நலக்கல்வி. தடுப்பூசியும் மருந்தும் அதற்குப் பிறகுதான். கூசாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பப் போங்கள். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்காமல், "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகுதுன்னு வச்சுக்குவோம், கரைச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே மட்டும் உதவுங்கள். பதிவேட்டில் "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று எழுதாமல் "தாய் தன் சொம்பில் அளந்து, தானே கரைத்துக் காட்டினார்" என்று எழுதி, தேதி போடுங்கள்.