கனடாவில் லாரி ஓட்டுகிறவர்கள் கையெழுத்திடும் முன்

"உங்கள் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்துகொண்டு வாருங்கள், பிடித்தமே இல்லாமல் முழுத் தொகையும் தருகிறோம்" என்று கனடாவில் லாரி நிறுவனம் சொன்னால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். 'டிரைவர் இங்க்' என்று அங்கே பேசப்படும் ஏற்பாடு இதுதான். லாரி அவர்களுடையது, டீசல் அவர்களுடையது, எப்போது எங்கே போவது என்பதும் அவர்கள் முடிவு. அப்படியானால் நீங்கள் ஊழியர்தான், ஒப்பந்ததாரர் அல்ல.

ஆனால் கம்பெனி பெயரில் சேர்ந்தால் விடுமுறை ஊதியமும் வேலையிழப்புக் காப்பீடும் கைவிட்டுப் போகும். விபத்தில் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பெரிய வழியில்லாமல் போகலாம். இன்னும் பெரிய அடி வரியில் விழும். உங்கள் கம்பெனியை வருமான வரித் துறை 'தனிநபர் சேவை நிறுவனம்' (ஊழியர் வேலையையே கம்பெனி பெயரில் செய்வது) என்று வகைப்படுத்தினால், சிறுதொழில் வரிச் சலுகை கிடையாது. மத்திய வரி மட்டுமே 33 சதவீதம். பெரும்பாலான செலவுகளையும் கழிக்க முடியாது. வரியைக் கட்டச் சொல்லும் அறிவிப்பு சில ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

மாகாண எல்லை தாண்டி ஓடும் லாரி நிறுவனங்கள் ஊழியரை இப்படி மாற்றிக் காட்டுவதற்கு 2021 முதல் கனடா தொழிலாளர் சட்டத்தில் தடை இருக்கிறது. புகார் கொடுத்தால், நீங்கள் ஊழியர் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. பயணப் பதிவுகள், நிறுவனம் அனுப்பிய உத்தரவுகள், பணம் வந்த விவரம் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.