நீண்ட தேர்வில் கவனம்: ஓரத்தில் ஒரு புள்ளி

நீண்ட தேர்வுகளுக்கு நான் தயார்படுத்தும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மூணு மணி நேரமும் கவனம் சிதறாம எப்படி உட்கார்றது?" உட்கார முடியாது என்பதுதான் என் பதில். கவனம் சிதறத்தான் செய்யும். சிதறியதை எவ்வளவு சீக்கிரம் பிடித்து இழுத்து வருகிறீர்கள் என்பதில்தான் மார்க் இருக்கிறது.

1948-ல் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர், ரேடார் திரையை உற்றுப் பார்க்கும் வேலையை மனதில் வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் தாவித் தாவி நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவலாகத் தாவும். அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு. முதல் அரை மணி தாண்டியதுமே ஆட்கள் கோட்டைவிடுவது கூடிவிட்டது. தேர்வு அந்த அளவுக்குச் சலிப்பான விஷயம் இல்லைதான். ஆனாலும் நீங்கள் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? மாதிரித் தேர்வு எழுதும்போது, மனம் எங்கோ போய்விட்டது என்று உறைத்த உடனே ரஃப் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் கேள்வி எண். அவ்வளவுதான், உங்களை நீங்களே திட்டிக்கொண்டு இன்னும் நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுதி முடித்த பிறகு புள்ளிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரு மாணவிக்கு நீண்ட பத்திகளில் புள்ளியே இல்லை. பத்தி முடிந்து அடுத்து வந்த ஒருவரிக் கேள்விகளில்தான் எல்லாம் விழுந்திருந்தன. "பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது" என்பதைப் "பொருந்துவது எது" என்று படித்து, அழகாகத் தப்பு விடையைக் கறுப்பாக்கியிருந்தாள். கஷ்டமானது தாண்டியாச்சு என்ற நிம்மதியில் நழுவியிருக்கிறாள். அவளுக்குச் சொன்ன மருந்து, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் பேனாவைக் கீழே வைப்பது.

எல்லோருக்கும் நான் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். பேனாவை வையுங்கள், பார்வையைத் தூரச் சுவருக்குக் கொண்டுபோங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பிறகு கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்து உள்ளே நுழையுங்கள். பத்து நொடி ஆகும். பத்துத் தடவை செய்தாலும் இரண்டு நிமிடம் ஆகாது.

விடை வராத கேள்வியை விட்டு நகர்ந்தாலும் அது மனதை விட்டு நகராது. அடுத்த வேலைக்குப் போன பிறகும் கவனத்தின் ஒரு பகுதி முடிக்காத வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அதனால் தாண்டிப் போகும் முன் எதுவரை வந்தீர்கள், அடுத்து என்ன செய்யணும் என்று இரண்டு சொல் கிறுக்கிவிடுங்கள். "y கிடைச்சாச்சு, x பாக்கி" போதும். திரும்ப வர வழி இருக்கிறது என்று தெரிந்தால் மனம் விட்டுவிடும்.

வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ, அமெரிக்கக் கல்லூரிகளில் சேரக் கணினியில் எழுதும் எஸ்ஏடி இரண்டிலும் முதல் பகுதியை நன்றாகச் செய்தால் அடுத்த பகுதி கடினமாக வரும். திடீரென்று கேள்விகள் முரட்டுத்தனமாக மாறினால் பதற வேண்டாம், அது நல்ல சகுனமாகவே இருக்கலாம்.

இடைவேளை விஷயத்தில் உங்கள் தேர்வின் விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எம்கேட். ஏழரை மணி நேரம் போகும் அதில் நடுவே 10, 30, 10 நிமிடங்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுந்து நடங்கள், விடைகளைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட ஜிஆர்இயில் இடைவேளையே கிடையாது, 1 மணி 58 நிமிடம் ஒரே மூச்சு. அதற்குத் தயாராகிறவர்கள் மாதிரித் தேர்விலும் நடுவில் எழக் கூடாது. காபியும் அப்படித்தான்: மாதிரித் தேர்வுகளில் குடித்துப் பழகாத அளவைத் தேர்வு நாளன்று புதிதாகச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம், விடை வட்டங்களைக் கறுப்பாக்கும் ஓஎம்ஆர் தாளில் நிரப்பும் தேர்வென்றால் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மூளை களைத்திருக்கும்போது ஒரு வரிசை மாறினால் கீழே உள்ள அத்தனையும் மாறும். பக்கம் புரட்டும்போதெல்லாம் அந்தப் பக்கத்து விடைகளை ஏற்றிவிட்டு, கடைசி எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நகருங்கள்.