சந்தைக் கோழியும் மழைக்காலக் கூண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்தால் பாதி ஊர் கவிச்சியைத் தொடாது. கார்த்திகையில் மாலை போடுபவர்கள் கூடிவிட்டால் நாட்டுக்கோழிக்குக் கேட்பார் குறைவு. விலை இறங்கியிருக்கும்போது நாலைந்து உருப்படி வாங்கிப் போட்டால் பொங்கலுக்கு நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று சந்தையில் பிடித்து வந்து, அன்று சாயங்காலமே வீட்டுக் கோழிகளோடு சேர்த்து அடைத்துவிடுவார்கள். பத்து நாளில் கூண்டு காலி. விலைக் கணக்கில் தப்பில்லை, அடைத்த இடத்தில்தான் தப்பு.

கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோயின் கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் 5, 6 நாள் ஆகும். சில கோழிகளில் இரண்டு வாரம்கூட இழுக்கும். வீட்டில் ஒன்றிரண்டு செத்ததும் மிச்சத்தைக் காசாக்கிவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டுவருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் ‘வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. புதுக் கோழிகளை 21 நாள் தனியே வையுங்கள். கொட்டகையிலிருந்து 30 அடி தள்ளி, மழை படாத இடத்தில் ஒரு பஞ்சாரம் போதும். தீனியும் தண்ணீரும் முதலில் பழைய கோழிகளுக்கு, கடைசியாகப் புதியவற்றுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கையிலும் செருப்பிலும் கிருமியை எடுத்துப்போய்க் கொட்டகைக்குள் விடுகிறார்கள். தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும்.

சந்தையில் கால் கட்டோடு தலைகீழாகத் தூக்கி எடையை மட்டும் மதிப்பது அடுத்த தவறு. கட்டை அவிழ்க்கச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள். வாலைத் தூக்கினால் ஆசனவாயைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ எச்சம் அப்பியிருக்கிறதா? மூக்கோரம் நீர், கண்ணோரம் நுரை உண்டா? முதுகைக் காதோரம் வைத்துக் கேட்டால் கரகரப்பு வருகிறதா? ஒன்று இருந்தாலும் வேண்டாம். கழுத்தடியில் இரைப்பை கல் மாதிரி புடைத்திருந்தால் எடைக்காக இரை திணித்திருக்கலாம்; அப்போது மார்பெலும்பைத் தடவுங்கள், கத்தி விளிம்பு மாதிரி குத்தினால் கோழி மெலிந்தது. பெட்டையில் ஆசனவாய்க்குக் கீழே உள்ள இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் அது இப்போது முட்டையிடும் பெட்டை. ஒரு விரல்கூட நுழையாததை ‘நாளைக்கே முட்டை விடும்’ என்று சொல்லி விற்பார்கள், நம்பாதீர்கள். அடைகாக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் வனராஜா, கிராமப்பிரியா போன்ற கலப்பினத்தை நாட்டுக்கோழி என்று எண்ணி வாங்குவதும் நடக்கிறது. அவை முட்டை நிறைய இடும், ஆனால் அவயத்துக்கு உட்காருவது அபூர்வம்.

வாங்கி வந்த அன்றே தடுப்பூசி போட்டுவிட்டால் பயமில்லை என்பது தப்புக்கணக்கு. உடம்பில் ஏற்கெனவே கிருமி இருந்தால் ஊசி காப்பாற்றாது. கோழி செத்துப்போகும், பழி ஊசி மேல் விழும். ஒரு வாரம் பார்த்து, குடற்புழு மருந்து கொடுத்து, அதன்பின் போடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நாலாவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையடித் தோலில் ஆர்2பி என்ற தடுப்பூசி அரை மில்லி. ஆர்2பி சற்று வீரியமானது. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயைக் கொண்டுவரும். மருந்தை ஐஸ் கட்டியோடு எடுத்து வந்து, கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சட்டைப்பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

இனி கூண்டு. ஐப்பசி அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் கோழிக்குக் குளிருமே என்று நாலு பக்கமும் தார்ப்பாய் இறுக்கிக் கட்டுவதுதான் நான் சொல்லும் தவறுகளிலேயே பெரியது. வளர்ந்த கோழிக்கு நம் ஊர்க் குளிரைத் தாங்க இறகு போதும், ஈரத்தைத்தான் தாங்காது. அடைத்த கூண்டில் மூச்சுக்காற்றின் ஈரமும் எச்சத்தின் அம்மோனியாவும் வெளியேற வழியில்லாமல் தங்கி, சளியைக் கிளப்பும். விடியற்காலையில் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்று போதவில்லை. தார்ப்பாயை மேலிருந்து தொங்கவிடாமல், அடியில் பொருத்தி மேலே இழுத்துக் கட்டுங்கள். உச்சியில் ஓர் அடி திறந்தே இருக்கட்டும். மேலிருந்து தொங்கவிட்டுக் கீழே சுருட்டினால் ஈரக்காற்று நேராகக் கோழி மேல் அடிக்கும், கெட்ட காற்று மேலே தேங்கும். கூரை மூன்றடி வெளியே நீண்டிருந்தால் சாரலுக்குப் பாதி வேலை முடிந்தது. தரையை ஓர் அடியாவது உயர்த்துங்கள்.

தரையில் பரப்பும் ஆழ்கூளம் ஈரமானால் ரத்தக்கழிச்சல் நோய் வரும். எச்சத்தோடு விழும், அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணியின் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டே நாளில் அடுத்த குஞ்சுக்குத் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். உமியையோ தேங்காய் நார்க்கழிவையோ ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். பிசுபிசுவென்று உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகப் பிடித்து உதிர்ந்தால் சரி. வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள், கட்டி தட்டியதை அள்ளி எறியுங்கள். ஈரம் பெரும்பாலும் கூரையிலிருந்து வருவதில்லை, தண்ணீர்ச் சட்டியிலிருந்து வருகிறது. சட்டியைச் செங்கல் மேல், கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றினாலே சிந்துவது பாதி குறையும். படுக்க இரண்டு அங்குலத் தடிமனில் உருட்டுக்கம்பு, கோழிக்கு எட்டு அங்குலம் வீதம் கட்டுங்கள்.

குளிர் கொல்வது குஞ்சுகளைத்தான். குண்டு பல்பு போய் எல்இடி வந்தபின் ஒரு புதுத் தவறு முளைத்திருக்கிறது: பல்பு பளிச்சென்று எரிகிறது, கீழே குஞ்சு விறைத்துக் கிடக்கிறது. எல்இடியில் வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. குஞ்சுக்கு 2 வாட் வீதம் பழைய குண்டு பல்பே வேண்டும். 50 குஞ்சுக்கு 60 வாட் பல்பு இரண்டு போடுங்கள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும்: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், சுற்றி வைத்த தகட்டோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. பகலில் பார்த்துத் திருப்திப்படாமல் விடிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். மின்சாரம் போனால் கரி மூட்டத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், புகையே கொன்றுவிடும். வெந்நீர் பாட்டிலைச் சாக்கில் சுற்றி வைத்தால் இரண்டு மணி நேரம் ஓட்டலாம்.

தீனியில் ஒன்றே ஒன்று: பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் ‘கோழிதானே’ என்று போடாதீர்கள். அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும், வெயிலில் காயவைத்தாலும் போகாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கோழி செத்தால், மிச்சத்தை மறுநாள் சந்தைக்குத் தூக்கிப் போகாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்ததை வாய்க்காலில் வீசாமல் மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, கூளத்தை முழுக்க அள்ளிவிட்டு, தரைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்துக் கூண்டை ஒரு மாதம் காலியாகப் போடுங்கள். பொங்கல் வியாபாரம் போனால் போகட்டும், மாசியில் வாங்கிக்கொள்ளலாம்.