குக்கி கேட்டால் எந்தப் பொத்தானைத் தட்டுவது?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் சின்னதாக ஒரு கொமினிகேசன் நடத்துகிறேன். போட்டோக் கொப்பி, பிரிண்ட், வீசா படிவம் நிரப்புவது என்று நாள் போகும். வருபவர்கள் பாவிக்க மூன்று கணினிகள் இருக்கின்றன. "பிள்ளை, இது என்னவோ குக்கி எண்டு கேக்குது, ஓம் எண்டு குடுக்கட்டே?" என்று ஒருவராவது கேட்காத நாள் இல்லை. நான் பதில் சொல்வதற்குள் கை அந்தப் பெரிய நிறப் பொத்தானுக்குப் போய்விடும். கையை ஒரு பத்து விநாடி பொறுக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவிழா நேரம் கோயில் வாசலில் செருப்பைப் பாரம் கொடுத்தால், இலக்கம் போட்ட துண்டு ஒன்று தருவார்கள். திரும்பி வந்து துண்டைக் காட்டினால் உங்கள் செருப்பு வரும். குக்கியும் அப்படி ஒரு துண்டுதான். இணையத்தளம் கொடுக்கிறது, உங்கள் உலாவி (குரோம், சபாரி மாதிரி இணையம் பார்க்கும் செயலி) வைத்திருக்கிறது, அடுத்த பக்கத்துக்குப் போகும்போது காட்டுகிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுலி இதை உருவாக்கினார். இது இல்லாவிட்டால், யாழ்ப்பாண பஸ்ஸில் இரண்டு ஆசனம் தெரிவுசெய்துவிட்டுக் காசு கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள் தளம் உங்களை மறந்துவிடும். இந்த வகைக் குக்கிக்குப் பயப்பட வேண்டாம்.

பயம் வேறு வகையில் இருக்கிறது. ஒருநாள் ஓர் அன்ரி, மகளின் கலியாணத்துக்கு என்று கூறைச் சேலைகளைப் பார்த்துவிட்டுப் போனார். அதே கணினியில் அடுத்து இருந்த தம்பி கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் திறந்தால், பக்கத்தின் இரண்டு ஓரமும் கூறைச் சேலை. அவர் சிரித்தார். எனக்கு மனம் ஒரு மாதிரிப் போய்விட்டது. அன்ரி தேடியது சேலையாக இல்லாமல் ஒரு நோய்க்கான மருந்தாக இருந்திருந்தால்?

நடந்தது இதுதான். சேலைத் தளத்திலும் கிரிக்கெட் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் பெட்டி இருக்கிறது. அந்த நிறுவனம் முதல் தளத்தில் கொடுத்த துண்டை இரண்டாவது தளத்தில் வாங்கிப் பார்க்கிறது. நீங்கள் போகாத மூன்றாம் ஆள் கொடுப்பதால் இதைத் தேர்ட் பார்ட்டி குக்கி என்கிறார்கள்.

இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்பது ஐரோப்பாவில் சட்டம். முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று 2019 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுப்பதை ஏற்பதைவிடக் கடினமாக்கியதற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. நம் நாட்டிலும் அதே 2022இல் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆகவே மறுப்பது மரியாதைக் குறைவோ களவோ அல்ல. கேட்கிறார்கள், இல்லை என்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, திரைக்கு வருவோம். 'ரிஜெக்ட் ஓல்' இருந்தால் அதைத் தட்டுங்கள். தேவையான குக்கி எப்படியும் வேலை செய்யும். அது இல்லாமல் 'மனேஜ்' அல்லது 'செட்டிங்ஸ்' மட்டும் இருந்தால் உள்ளே போங்கள். 'நெசசரி' தவிர மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். சில தளங்களில் 'லெஜிட்டிமேட் இன்ட்ரஸ்ட்' என்று இன்னொரு பட்டியல் பக்கத்தில் ஒளிந்திருக்கும், அங்கே எல்லாம் ஏற்கெனவே போட்டிருக்கும். அதையும் அணையுங்கள். கடைசியில்தான் பலர் தவறுகிறார்கள்: பளிச்சென்று தெரிவது திரும்பவும் 'அக்செப்ட் ஓல்', நீங்கள் தெரிவு செய்ததைச் சேமிக்கும் பொத்தான் வெளிறிப்போய்க் கிடக்கும். வாசித்துவிட்டுத் தட்டுங்கள்.

போனில் ஒருமுறை செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி, செட்டிங்ஸ் போய், பிரைவசி அல்லது சைட் செட்டிங்ஸ் பகுதியில் தேர்ட் பார்ட்டி குக்கீஸைத் தேடி, புளொக் பண்ணுங்கள். ஐபோனில் உள்ள சபாரி 2020இலிருந்து அதைத் தானாகவே தடுக்கிறது.

இனி, எனக்கு மிகவும் முக்கியமான விஷயம். ஒரு அண்ணா என் கடையில் மின்னஞ்சல் பார்த்துவிட்டு, வெளியேறாமல் எழுந்து போய்விட்டார். அடுத்து வந்தவர் திறந்ததும் அண்ணாவின் கடிதங்கள் வரிசையாக நின்றன. கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. துண்டு அங்கேயே கிடந்தது, துண்டைக் காட்டுபவர் யார் என்று தளம் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து மூன்று கணினியிலும் குரோமின் கெஸ்ட் சாளரத்தை மட்டும்தான் திறந்து கொடுக்கிறேன். அதை முழுதாக மூடியதும் உள்ளே சேர்ந்த குக்கிகள் அழிந்துவிடும். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் கெஸ்ட் அல்லது இன்கொக்னிடோ கேளுங்கள், முதலில் சைன் அவுட், அப்புறம் சாளரத்தை மூடுங்கள். அதற்குப் பிறகு எழும்புங்கள்.

வீட்டுக் கணினியில் எல்லாக் குக்கியையும் ஒரேயடியாக அழிக்குமுன் ஒன்று யோசியுங்கள்: பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேறிவிடுவீர்கள். கடவுச்சொல் ஞாபகம் இல்லாவிட்டாலும், ஓடிபி வரும் போன் கையில் இல்லாவிட்டாலும் அன்று செய்யாதீர்கள். இன்னொன்று, நீங்கள் 'வேண்டாம்' என்று சொன்னதையும் தளம் ஒரு குக்கியில்தான் எழுதி வைக்கிறது. அதுவும் சேர்ந்து போவதால், அடுத்த தடவை புதிதாகக் கேட்கும்.

என் கடையில் கெஸ்ட் சாளரம் என்பதால் எப்போதும் புதிதாகத்தான் கேட்கும். "திரும்பவுமா?" என்று அன்ரிமார் சலித்துக்கொள்வார்கள். நான் பக்கத்தில் நின்று மறுக்கும் பொத்தான் எங்கே என்று காட்டுகிறேன். போன கிழமை அந்தச் சேலை அன்ரி வந்தபோது, நான் எழும்பிப் போவதற்குள் அவரே அதைக் கண்டுபிடித்துத் தட்டிவிட்டார்.