மஞ்சள் வரி டேட்டாபேஸில் ஏறாது: நன்கொடையாளர் பட்டியலை ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் நான் வேலை பார்க்கும் சின்ன அறக்கட்டளையின் நன்கொடையாளர் பட்டியல் பல வருடங்களாக ஒரே எக்செல் ஷீட்டில் இருந்தது. எழுதி வைத்தவர் எங்கள் கணக்கர். அதை டேட்டாபேஸில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டேன். பிழை ஒன்றும் இல்லை என்று திரையிலும் வந்தது. அடுத்த மாதம் கல்வி உதவிக்கான வேண்டுகோள் கடிதங்களை அனுப்பினோம். ஒரு வாரத்தில் கட்டபெட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மா போன் செய்தார். கடிதம் அவர் கணவர் பெயருக்குப் போயிருக்கிறது. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

கணக்கரிடம் போய்க் கேட்டேன். "தம்பி, அந்த வரிக்கு மஞ்சள் அடிச்சு வச்சிருந்தேனே, நீ பார்க்கலையா?" என்றார்.

அடித்துத்தான் வைத்திருந்தார். மஞ்சள் என்றால் காலமானவர். பச்சை என்றால் ரசீதைத் தபாலில் கேட்பவர். சிவப்பு எழுத்து என்றால் இனி போன் செய்யாதே. அவருக்கு அது பாடமாகவே இருந்தது. நான் ஷீட்டை சிஎஸ்வியாகச் சேமித்தேன். சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு. நிறம், தடித்த எழுத்து, ஓரத்தில் ஒட்டிய கமெண்ட் எதுவும் அதில் தங்காது. ஒரு கிளிக்கில் எல்லாம் போய்விட்டது, எச்சரிக்கை என்று தனியாக எதுவும் வரவும் இல்லை.

அதனால், இம்போர்ட் பட்டனைத் தேடுவதற்கு முன்னால் ஷீட்டை எழுதியவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பத்தி போட்டு, எழுத்தில் மாற்றிவிட வேண்டும். 'மேற்படி' என்று எழுதிய கட்டங்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எங்கள் ஷீட்டில் ஒரே ஊர்க்காரர்கள் வரிசையாக வரும்போது முதல் வரியில் மட்டும் முகவரி இருந்தது, கீழே எல்லாம் மேற்படி. நடுவில் யாரோ அகர வரிசையில் அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு மேற்படிக்கு மேலே யார் இருக்கிறாரோ அவர் முகவரிதான் முகவரி! இதை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. பழைய ரசீதுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் திருத்தினேன்.

எக்செல் செய்யும் உதவிகள்

எக்செல்லுக்கு எண்ணைப் பார்த்தால் கணக்குப் போட வேண்டும் என்று தோன்றிவிடும். போன் எண் கணக்குப் போடுவதற்கு இல்லை என்பது அதற்குத் தெரியாது. கோத்தகிரி லேண்ட்லைன் என்றால் 04266, ஊட்டி என்றால் 0423. முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை எக்செல் தின்றுவிடும். மிஞ்சுவது சரியாகப் பத்து இலக்கம். டேட்டாபேஸ் அதை மொபைல் என்று நம்பி எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9இல்தான் தொடங்கும். 4இல் தொடங்கும் பத்து இலக்கங்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் எங்கள் பக்கத்து எண்களில் இந்தக் கோளாறு மொத்தமாக வெளியே வந்துவிடும்.

இதைவிட மோசமானது 91 சேர்த்து எழுதிய மொபைல் எண். பன்னிரண்டு இலக்கம் ஆகிவிடுவதால் எக்செல் அதை '9.19E+11' என்கிற மாதிரி சுருக்கிக் காட்டும். ஷீட்டில் இருக்கும் வரை உள்ளே முழு எண் பத்திரமாக இருக்கும். சிஎஸ்வியாகச் சேமித்ததும் கண்ணுக்குத் தெரிகிற சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான், அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு எண்களை ஒட்டுவதுதான் வழி. சேமித்த சிஎஸ்வியை 'சும்மா ஒரு தடவை பார்க்கலாம்' என்று எக்செல்லில் திறந்து மறுபடி சேமித்துவிடாதீர்கள். பூஜ்ஜியங்கள் திரும்பவும் ஓடிவிடும். பார்க்க வேண்டும் என்றால் நோட்பேடில் பாருங்கள்.

தேதியில் நடப்பது இன்னும் நைசாக நடக்கும். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால், 04/03/2024 என்று நாம் தட்டும் மார்ச் 4ஆம் தேதி, ஏப்ரல் 3 ஆகிவிடும். நாளும் மாதமும் இடம் மாறியதோடு நிற்காது. மார்ச் 4 என்றால் 2023-24 நிதியாண்டு, ஏப்ரல் 3 என்றால் 2024-25. கொடுத்தவருடைய வரிச்சலுகை ஒரு வருடம் தள்ளிப் போய்விடும். 12க்கு மேற்பட்ட நாட்களை எக்செல்லால் மாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. அவை வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். தேதிப் பத்தியில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 2024-03-04 என்று ஆண்டை முன்னால் போட்டு எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

ஜே. போஜனுக்கு வந்த கடிதம்

பெயர் விஷயத்தில் நான் பட்ட பாட்டுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பது இனிஷியலும் பெயரும். 'ஜே. போஜன்' என்பதை இடைவெளியில் வெட்டி ஏற்றினால் முதல் பெயர் 'ஜே.' ஆகிவிடும். கடிதம் 'அன்புள்ள ஜே.,' என்று தொடங்கும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அதை நேரில் கொண்டுவந்து காட்டி, "இவ்வளவு நெருக்கமா நாம?" என்று கேட்டார். முதல் பெயர்க் கட்டத்தில் பெயரையும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலையும் போடுங்கள். பட்டியலில் 'போஜன் ஜே.' என்று தெரியும், பரவாயில்லை.

அப்புறம் ஒரே பெயர்ச் சிக்கல். படுகர் ஊர்களில் ஜோகி, பெள்ளி, போஜன், நஞ்சன், மாதன் என்று பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்ப வரும். ஒரே ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) மூன்று ஜே. போஜன் இருந்தால் அது டூப்ளிகேட் இல்லை, மூன்று பேர். பெயரும் ஊரும் பொருந்தினால் ஒருவர்தான் என்று விதி வைத்தால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள்.

தமிழில் தட்டிய பெயர்களுக்கு வேறு வகைத் தொல்லை. பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரியும் கட்டத்தில் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்கிற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். எழுத்துரு தமிழாக வேஷம் கட்டுகிறது. சிஎஸ்வியில் எழுத்துரு போகாது, வேஷம் கலைந்துவிடும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது எந்த எழுத்துருவிலும் தமிழாகவே இருக்கும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். யூனிகோடில் இருந்தாலும் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு ஸ்ரீதர் இரண்டு பேராக ஏறினார். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காரணம் 'ஸ்ரீ'. ஒரு கீபோர்டு அதை 'ஸ'வில் தொடங்கி எழுதுகிறது, இன்னொன்று 'ஶ'வில் தொடங்கி எழுதுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. 'ஔ' என்ற எழுத்துக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் தட்டியிருந்தாலும் இதே கதைதான். 'ஃபைண்ட், ரீப்ளேஸ்' போட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஊர்ப் பெயரைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன். ஊட்டி, உதகை, உதகமண்டலம் என்று ஒரே ஊர் மூன்று ஊராக ஏறும். கூடலூர் என்று ஒரே பெயரில் நம் நீலகிரி மாவட்டத்திலும் தேனியிலும் ஊர் உண்டு. பின்கோடு 643இல் தொடங்கினால் நம்முடையது, 625 என்றால் அங்கே. ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், பின்கோடை நம்புங்கள்.

யார் யாரோடு பொருந்துகிறார்

எங்களிடம் இருப்பது சிவிசிஆர்எம். அறக்கட்டளைகள் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள். அதில் ஆட்களை ஏற்றும்போது, ஏற்கெனவே இருப்பவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்கும். ஸ்கிப் என்றால் தள்ளிவிடும். அப்டேட் என்றால் பழையதன் மேல் புதியதை எழுதும். ஃபில் என்றால் காலியாக இருப்பதை மட்டும் நிரப்பும். பழைய ஷீட்டை அப்டேட் போட்டு ஏற்றியதால், போன வருடம் போனில் கேட்டுத் திருத்திய முகவரிகள் எல்லாம் மறுபடி பழையதாகிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் ஃபில்தான்.

பொருத்தம் பார்க்கும் விதியைத்தான் ஊருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். தனிநபர்களுக்கு முன்னிருப்பாக அது பார்ப்பது மின்னஞ்சலை. எங்கள் பட்டியலில் பாதிப் பேருக்கு மின்னஞ்சலே கிடையாது. அதனால் எல்லாரும் புதியவர்களாக ஏறினார்கள். சரி, மொபைலை வைத்துப் பொருத்தலாம் என்றால், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் தன் எண்ணைத்தான் அப்பா, அம்மா, பெரியம்மா மூவருக்கும் கொடுத்திருக்கிறார். பெயரும் மொபைலும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் ஒருவர் என்று விதி வைத்த பிறகுதான் ஒரு வழிக்கு வந்தது.

பான் எண் இருந்தால் அதைவிட நல்ல அடையாளம் இல்லை. எப்படியும் அது வேண்டும். 80ஜி பதிவுள்ள (கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும்) அறக்கட்டளைகள் 2021-22 நிதியாண்டிலிருந்து நன்கொடையாளர் விவரங்களை 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்குத் தர வேண்டியதாயிற்று. கடைசி நாள் மே 31. பானில் ஒரு எழுத்து தவறினால் கொடுத்தவருக்குச் சான்றிதழ் கிடைத்தும் பயனில்லை. முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து. முதல் ஐந்தில் பூஜ்ஜியம் இருந்தால் அது 'ஓ'வாக இருக்க வேண்டியது. நாலாவது எழுத்து 'பி' (P) என்றால் தனிநபர், 'சி' (C) என்றால் கம்பெனி, 'டி' (T) என்றால் டிரஸ்ட். எஸ்டேட் முதலாளி பெயரில் இருந்த ஒரு பதிவில் நாலாவது எழுத்து 'சி'. விசாரித்தால் செக் அவருடையது இல்லை, கம்பெனியுடையது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முகவரிப் பத்தி மட்டும் போதாது, குடியுரிமைப் பத்தியும் வேண்டும். துபாயில் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் குன்னூரில் உட்கார்ந்து ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக்கூடாது.

மருத்துவ முகாமில் வந்தவர்கள் நோட்டில் எழுதிய எண்களையும் 'ஆள் கூடட்டுமே' என்று சேர்த்து ஏற்றாதீர்கள். அவர்கள் மாத்திரைக்காகக் கொடுத்த எண் அது, நன்கொடை கேட்பதற்காக இல்லை. எந்த நோக்கத்துக்கு ஒப்புதல் தந்தார்களோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்தலாம் என்பதுதான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது.

ஐந்து வரி முதலில்

பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் ஐந்தே ஐந்து வரிகளை ஏற்றிப் பாருங்கள். சுலபமான ஐந்து வேண்டாம். தமிழ்ப் பெயர் ஒன்று, லேண்ட்லைன் ஒன்று, கம்பெனி ஒன்று, காலமானவர் ஒருவர், ஏற்கெனவே டேட்டாபேஸில் இருப்பவர் ஒருவர். ஒவ்வொன்றையும் திறந்து ஷீட்டோடு ஒப்பிட்ட பிறகு மீதி. ஏற்றும்போதே அன்றைய தேதியில் ஒரு குழு உருவாக்கி எல்லாரையும் அதில் போட்டுவிட்டால், தவறு நடந்தாலும் யார் யாரைத் தேட வேண்டும் என்று தெரியும்.

ஷீட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுத்து, அதை 'எக்ஸ்டெர்னல் ஐடி' என்ற கட்டத்தில் ஏற்றுவதையும் விட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது தடவை ஏற்றும்போது பாதியில் நெட் போய்விட்டது. எது ஏறியது, எது ஏறவில்லை என்று தெரியாது. முதல் தடவையாக இருந்திருந்தால் எல்லாரையும் அழித்துவிட்டுத் தொடங்கியிருப்பேன். மறுநாள் காலையில் அதே கோப்பை ஸ்கிப் போட்டு மறுபடி ஓட்டினேன். ஏறியவர்களை ஐடியை வைத்து அடையாளம் கண்டு தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஏற்றிக்கொண்டது. டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.