ராமானுஜன் சிறுகோள்: எழுதும்போது நுழைந்துவிடும் தவறுகள்

கும்பகோணம் பக்கம் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி வைத்தால் ராமானுஜன் பெயரில் ஒரு சார்ட்டாவது தொங்கும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவரின் பெயர் வானத்திலும் இருக்கிறது என்று பிள்ளைகள் ஆசையாக எழுதுகிறார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. அதனால்தான் அதன் கீழே வரும் விவரமும் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

'ராமானுஜன் நட்சத்திரம்' என்று எழுதாதீர்கள். நட்சத்திரம் தானே ஒளிவிடும். இதுவோ, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் பாறை, அதாவது சிறுகோள். சூரிய வெளிச்சம் பட்டுத்தான் தெரியும். 1988 பிப்ரவரி 17 அன்று காவலூர் வானாய்வகத்தில் ஆர்.ராஜமோகன் கண்டுபிடித்தார். இந்தியாவில் கண்டுபிடித்த முதல் சிறுகோள் இதுதான் என்பதும் தவறு. 1861-லேயே சென்னை வானாய்வகத்திலிருந்து போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் ஒன்றைக் கண்டுபிடித்து 'ஆசியா' என்று பெயர் வைத்துவிட்டார்.

கண்டுபிடிப்பது என்றால் தொலைநோக்கியில் பாறையின் உருவம் தெரிவது என்று நினைக்கிறார்கள். தெரிவது ஒரு புள்ளி, அவ்வளவுதான். ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தூரத்துத் தெருவிளக்குகள் நின்ற இடத்திலேயே நிற்கும். வரப்பில் ஒருவர் டார்ச்சோடு நடந்தால் அந்த ஒரு வெளிச்சம் மட்டும் இடம் மாறும். வானத்தின் ஒரே பகுதியை இடைவெளி விட்டுப் படமெடுத்து, நகர்ந்த புள்ளி எது என்று தேடுவதும் அப்படித்தான்.

அதிகக் குழப்பம் எண்களில் வருகிறது. இந்தச் சிறுகோளுக்கு முதலில் கிடைத்தது '1988 டிகியூ1' என்ற தற்காலிகக் குறியீடு. ஆண்டை அரை அரை மாதமாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளை வரிசையாக வைத்தால் 'டி' பிப்ரவரியின் பின்பாதி. ஆங்கில எழுத்து வரிசையில் 'ஐ'யை விட்டு எண்ணினால் 'கியூ' பதினாறாவது. கடைசியில் வரும் 1, இருபத்தைந்து எழுத்துகள் ஒருமுறை தீர்ந்துவிட்டன என்பதற்கு. ஆக 25+16, அந்தப் பின்பாதியில் பதிவான 41-ஆவது பொருள். சுற்றுப்பாதை உறுதியான பிறகுதான் 4130 என்ற நிரந்தர எண் வந்தது. அந்த எண்ணை ஆண்டாக நினைத்துவிடக் கூடாது. '1958 சந்திரா' என்ற இன்னொரு சிறுகோளை 1958-ல் கண்டுபிடித்ததாக எழுதுகிறார்கள்; கண்டுபிடித்தது 1970-ல்.

அப்புறம் பெயர். கண்டுபிடித்தவர் முன்மொழியலாம், ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு. தன் பெயரையே வைத்துக்கொள்ள முடியாது. பதினாறு எழுத்துக்குள், முடிந்தவரை ஒரே சொல்லாக இருக்க வேண்டும். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்தின் பெயர் 'விஷிஆனந்த்' என்று சேர்ந்திருப்பது அதனால்தான். எண் 4538. அதையும் 1988-லேயே கண்டுபிடித்தார்கள், ஜப்பானில். பெயர் வந்ததோ 2015-ல். கண்ட நாளும் பெயரிட்ட நாளும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் டெல்டாவிலிருந்து கிடைக்காது. பணம் கட்டினால் சிறுகோளுக்குப் பெயர் வைத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

சுற்றுப்பாதைப் படங்களில் சிறுகோள்கள் நெருக்கியடித்து நிற்கும். உண்மையில் இரண்டுக்கு நடுவே லட்சக்கணக்கான கிலோமீட்டர் காலியிடம். 1970-களில் பயனியர் 10 விண்கலம் எதிலும் மோதாமல் சிறுகோள்கள் சுற்றும் அந்தப் பட்டையைக் கடந்து போனது. எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன என்பதும் தவறு. சூரியனிலிருந்து தள்ளியிருப்பது மெதுவாகச் சுற்றும். பூமியைவிட இரண்டரை மடங்கு தூரத்தில் இருந்தால், 2.5 × 2.5 × 2.5 என்று பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு வருடம். இது கெப்ளரின் விதி. எட்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும் கணக்கு.

ராமானுஜனை நேரில் காட்டுகிறேன் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். பள்ளித் தொலைநோக்கிக்கு எட்டாத மங்கல் அது. வெஸ்டா என்ற சிறுகோள் பிரகாசமாக வரும் மாதமாகப் பார்த்து, காவிரி மணலில் உட்கார்ந்து பைனாகுலரில் தெரியும் புள்ளிகளை நோட்டில் வரையச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி வரைந்தால் ஒன்று மட்டும் நகர்ந்திருக்கும்.